கடை தமிழனது, சந்தை யாரது?

அரசுப் பணிக்குக் காத்திருந்து அகவை கடத்தாதே, பிறன் குழுமத்தில் கைகட்டி நில்லாதே, கைப்பேசியைக் கருவியாகக் கொண்டு காணொளி ஆக்கி உன் காலிலேயே நில் என்று இளைஞர்க்கு அறிவுறுத்தும் தொழில்வழிகாட்டிகள் இற்றை நாளில் பெருகியுள்ளனர். திருச்சிராப்பள்ளித் தென்னூரிலும் அதனை அடுத்த தில்லைநகரிலும் பயிற்சிக்கூடங்களுக்கு நடந்து கால் தேய்ந்த பிள்ளைகட்கு இவ்வுரை தேனாய் இனிப்பதில் வியப்பில்லை.

அவ்வுரை முற்றும் பொய்யுமன்று. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் உறவின்முறை இளைஞர் சிலர், தம் பாட்டனாரை முன்னிறுத்தி, 2018-இல் வயல்வெளியில் அடுப்பு மூட்டினர். அம்மியில் அரைத்தனர், நாட்டுத்தமிழே பேசினர். 2021-இல் ஒரு கோடி உறுப்பினரை எட்டிய முதல் தமிழ் வலையொளி அவர்களுடையதே. அவ்வாண்டே கொரோனா இடர்தணிப்புக்கென முதலமைச்சரிடம் 10 இலக்கம் உரூபா ஈந்தனர். உழைத்து உயர்ந்த நன்மக்கள்! ஆயின் அவ்வலையொளியின் பெயர் ‘வில்லேச் குக்கிங் சேனல்’. அடுப்பு தமிழ், அகப்பை தமிழ், உண்பார் நாவும் தமிழ். பெயர்ப்பலகை மட்டும் ஆங்கிலம். அவர்களை மட்டும் பழித்துப் பயனில்லை. அயன்மொழிப் பெயரின்றேல் அயலார் வாரார் எனும் அச்சத்தை ஊட்டுவது சந்தை.

அச்சந்தை யாருடையது? இதனை வழிகாட்டிகள் சொல்வதில்லை.

தென்னூரில் உழவர் சந்தை உண்டு. 1999-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய திட்டத்தின்வழி வந்தது. அங்கே விளைத்தவனே விற்பான். தரகு இல்லை, கடைக்கு வாடகை இல்லை, எடைக்கோலும் அரசினது. குறையுண்டாயின் கேட்க அலுவலர் உளர். வலையொளிச் சந்தையிலோ, நெடுங்காணொளி வழி நுழைவோன் 1,000 உறுப்பினரையும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையையும் திரட்டும்வரை விளம்பர வருவாயில் ஒரு காசும் காணான். திரட்டிய பின்னரும் அவ்வருவாயில் 100-க்கு 45 கூகுள் குழுமத்துக்கே. விதி வகுப்போரும் அவர்களே; கணக்கை முடக்குவோரும் அவர்களே; முறையிட வேண்டுவதும் அவர்களிடமே!

2020 சூன் 29-இல் ‘டிக்டாக்’ உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. தடை சரியா, தவறா என்பது வேறு வழக்கு. ஆண்டுக்கணக்கில் ஆடியும் பாடியும் நகைப்பூட்டியும் சேர்த்த பார்வையாளர் கூட்டம் ஓரிரவில் கலைந்தது. ஆலை மூடினால் வாயிலில் நின்று கேட்கத் தொழிலாளிக்கு ஓர் இடமாவது உண்டு. இவர்களுக்கோ வாயிலே இல்லை.

வரி பெறும்போது மட்டும் அரசுக்கு இவர்கள் தொழிலராய்த் தெரிகின்றனர். விளம்பரத்துக்கெனக் குழுமங்கள் தரும் பரிசுப்பொருள் ஆண்டுக்கு 20,000 உரூபாவைக் கடப்பின், 2022 சூலை முதல் 10 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. இணையவழித் தொழிலாளர்க்கெனத் தமிழ்நாட்டரசு 2023-இல் அமைத்த நலவாரியமோ உணவு கொணர்வோரையும் வண்டியோட்டுநரையும் கருதி எழுந்தது. வேண்டியதே, அவர்தம் துயர் பெரிது. ஆயின் அதே கைப்பேசியை நம்பி அதே அயற்குழுமத்துக்கு உழைக்கும் காணொளியாளன் ‘தன்தொழிலன்’ எனும் ஒற்றைச் சொல்லால் வெளியே நிறுத்தப்படுகிறான். தன்தொழிலனாம்! விலையும் விதியும் பிறன் கையிலிருக்க அவனுக்குத் ‘தன்’ என்று எஞ்சுவது உழைப்பு மட்டுமே.

காணொளியாளர்க்காக வழக்காட வந்த வழிகாட்டிகள் மேடையில் வெற்றிபெற்றோர் படத்தைக் காட்டுமுன் இக்கணக்கைக் காட்டட்டும். ஆக்கியவற்றின் படி ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும், ஒரே குழுமத்தை நம்பி வீட்டை அடகு வையாதிருக்கவும், கடைக்குத் தமிழ்ப்பெயர் சூட்டவும் கற்பிக்கட்டும். அந்நலவாரியப் பதிவேட்டில் காணொளியாளர்க்கும் ஓர் ஏடு திறக்குமாறு அரசை அவர்களே முன்னின்று கேட்கட்டும்.