எந்த மீனாட்சி?

மீன் வாங்கப் போகிறீர்கள். செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். கண் பளபளக்கிறதா, விரலால் அமுக்கினால் குழி விழுகிறதா என்று சோதிக்கிறீர்கள். இத்தனை பரீட்சைக்கும் அகப்படாத ஓர் ஆசாமியைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். சைவக் குடும்பத்துச் சகோதரிகள் "நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கதை மீனில் ஆரம்பிக்கவில்லை; பசுமாட்டின் மடியில் ஆரம்பிக்கிறது!

பசுவுக்கு மடி வீங்கிப் பால் கெட்டுப்போகும் நோய் உண்டல்லவா? அதற்குக் காரணமான ஒரு கிருமியை 1887-ல் நொகார் என்ற பிரெஞ்சு மிருக வைத்தியரும் அவருடைய சகாவும் கண்டு சொன்னார்கள். 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே' என்று அதற்குப் பெயர். வாயில் நுழையாத பெயர்தான். 'அகலாக்டியே' என்றால் 'பாலில்லாத' என்று அர்த்தம்.

பிற்பாடு அதே பெயர்க் கிருமி பிரசவ ஆஸ்பத்திரிகளில் தென்பட்டது. சில தாய்மாரின் உடம்பில் அது சத்தமில்லாமல் குடியிருக்கும். தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பிரசவத்தின்போது சிசுவைத் தொற்றிக்கொண்டாலோ, உயிருக்கே ஆபத்து.

மீன்களையும் அது விட்டுவைக்கவில்லை. 2001-ல் குவைத் வளைகுடாவில் கூண்டில் வளர்த்த மீன்களும், கடலில் தன் இஷ்டத்துக்குத் திரிந்த மடவை மீன்களும் செத்து மிதந்தன. மடவை மட்டும் 2,000 டன்னுக்கு மேல்!

மாடு, மனிதர், மீன் மூன்றிலும் ஒரே பெயர். ஆனால் ஆசாமியும் ஒன்றுதானா? ஒரே தெருவில் நாலு மீனாட்சி இருந்தால், "எந்த மீனாட்சி?" என்று கேட்கமாட்டோமா? விஞ்ஞானிகளும் அப்படித்தான் கேட்டார்கள். கிருமியின் மரபணு ஏட்டை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வம்சங்கள் பல என்று தெரிந்தது.

ஒரு வம்சம் மீன்களிடமே நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. மனிதரிடமுள்ள வம்சங்களின் ஏட்டில் ஏறக்குறைய 21 லட்சம் எழுத்துக்கள். இதன் ஏட்டில் சுமார் 18 லட்சம்தான். ஊரை விட்டுப் போகிறவர்கள் வேண்டாத தட்டுமுட்டுச் சாமான்களைக் கழித்துவிடுவது போல, மீனுக்குள் தேவைப்படாததையெல்லாம் இது இழந்துவிட்டது.

இன்னொரு வம்சத்துக்கு 283 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அது மீனிடமும் இருக்கும், மனிதரிடமும் வரும். 2015-ல் சிங்கப்பூரில் குறைந்தது 146 பேரை அது படுக்கையில் தள்ளியது. சிலருக்கு மூட்டில் சீழ். சிலருக்கு மூளைச் சவ்வில் வீக்கம். அவர்களில் வேறு நோய்நொடி இல்லாதவர்களும் உண்டு. விசாரித்ததில், பண்ணையில் வளர்ந்த நன்னீர் மீனைச் சமைக்காமல், மெல்லிசாக நறுக்கிக் கஞ்சியோடு சாப்பிட்டது காரணம் என்று தெரிந்தது. அந்த டிசம்பரிலேயே கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறக் கூடாது என்று உத்தரவாயிற்று.

பிறகு அண்டை நாடுகளில் சேமித்து வைத்திருந்த கிருமிகளையும் எடுத்துப் பார்த்தார்கள். தாய்லாந்திலும் லாவோஸிலும் நோயாளிகளிடம் அதே 283! மலேசியாவிலும் வியட்நாமிலும் நோயுற்ற திலாப்பியா மீன்களில் அதே 283! நம் பக்கத்தில் ஜிலேபி மீன் என்கிறோமே, அதுதான் திலாப்பியா. 2021-ல் ஹாங்காங்கிலும் இது தலைகாட்டியது. நன்னீர் மீனைப் பச்சையாகக் கையாண்டவர்களும் அங்கே அவஸ்தைப்பட்டார்கள்.

அப்படியானால் ஜிலேபி மீனே வாங்கக் கூடாதா? தாராளமாக வாங்குங்கள். தளதளவென்று கொதித்து இறங்கும் நம் மீன் குழம்பில் இந்தக் கிருமி பிழைக்காது. சமைப்பதற்கு முன்னால்தான் ஜாக்கிரதை வேண்டும். கையில் கீறலோ புண்ணோ இருந்தால் மீன் கழுவும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். மீன் நறுக்கிய அரிவாள்மனையில் அப்படியே வெள்ளரிக்காயை நறுக்காதீர்கள். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கையையும்தான்!

இன்னொன்று. கர்ப்பமாயிருக்கும் உங்கள் பெண்ணுக்கோ மருமகளுக்கோ இந்தப் பெயர்க் கிருமி இருப்பதாக டாக்டர் சொன்னால், "நேற்றுச் சாப்பிட்ட மீனால் வந்தது" என்று அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் வேறு வம்சம். பிரசவ வலி கண்டதும் ஊசி மருந்து கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்ற வழியிருக்கிறது. ஆகவே, டாக்டரிடம் அதை மறக்காமல் நினைவுபடுத்துங்கள்.

பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் பழி போடுவது மனிதருக்கும் நியாயமில்லை. மீனுக்கும் நியாயமில்லை, அல்லவா?