மணல் மேடும் மக்கள் உரிமையும்

மணல் என்றால் வெறுங் காணி என்று எண்ணும் ஆட்சியாளர் எந்நாட்டிலும் உளர். அதில் நெல் விளையாது, வரி விளையாது. ஆகவே அதனை அள்ளலாம், விற்கலாம், வேண்டியவருக்கு எழுதிக் கொடுக்கலாம் என்பது அவர்தம் கணக்கு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் ஏரிக்கரையிலும் ஒரு காலத்தில் இக்கணக்கே கொடிகட்டிப் பறந்தது. அங்கே அது எங்கே வென்றது, எங்கே தோற்றது, தோற்கடித்தவர் யார் என்பதை எம்மக்கள் அறிதல் நன்று.

சிக்காகோ நகரிலிருந்து இந்தியானா மாநிலத்தினுள் ஓடும் மின்சாரப் புகையிரதத்தில் அக்கரைக்குச் சென்றோம். வழியிற் கண்டவை உருக்காலைகளின் புகைபோக்கிகள். 'டியூன் பார்க்' நிலையத்தில் இறங்கி ஏரியை நோக்கி நடந்தபின் காட்சி முற்றாக மாறிற்று. வடக்கே நோக்கினால் மறுகரை தெரியாத நீர்ப்பரப்பு. கடல் போன்று அலையெறியும், ஆயினும் நீரில் உப்பில்லை. கரையை அடுத்து வெண்மணல், அதன்பின் குன்றுகளாய் எழுந்த மணல் மேடுகள். அவற்றுள் 'மவுண்ட் ரொம்' என்பது ஏரி மட்டத்திலிருந்து 192 அடி உயரம். பல நிறத்தவரும் பல மொழியினரும் பிள்ளைகளோடு அம்மணலில் அமர்ந்திருந்தனர். 'இது யார் காணி? நீ ஏன் வந்தாய்?' என்று கேட்பார் ஒருவருமில்லை. இவ்வின்பம் எந்தப் பிரபுவும் இட்ட பிச்சையன்று. அரை நூற்றாண்டுப் போராட்டத்தின் விளைவு அது.

போராடாத இடத்தில் நிகழ்ந்தது யாது? அதே கரையில், மிச்சிகன் சிற்றி என்னும் ஊரில், 'ஹூசியர் சிலைட்' என்றொரு மணற்குன்று இருந்தது. ஏறத்தாழ 200 அடி உயரம். தூர இடங்களிலிருந்து மக்கள் அதனைக் காண வந்தனர். கண்ணாடிப் போத்தல் செய்வோரின் கண் அதன்மீது விழுந்தது. 1890ஆம் ஆண்டுகளில் தொடங்கி 1920 வரையில், சுமார் 1 கோடி 35 இலட்சம் தொன் மணல் புகையிரதப் பெட்டிகளில் ஏறிச் சென்றது. குன்று இருந்த இடம் தரைமட்டமாயிற்று. பின்னர் அங்கே மின்னிலையம் எழுந்தது. மலையொன்று போத்தலாகிப் போன கதை இது. தடுக்கச் சட்டமிருக்கவில்லை, சட்டம் வேண்டுமென்று கேட்கும் மக்கட்படையும் அங்கு இருக்கவில்லை.

ஆயினும் உணர்ந்தோர் சிலர் இருந்தனர். ஹென்றி கௌல்ஸ் என்ற தாவரவியலாளர் 1899இல் இம்மேடுகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். மணலை முதலிற் புல் பற்றுகிறது. புல் பிடித்த மணலில் மரம் வேர்கொள்கிறது. காலப்போக்கில் அங்கே காடு எழுகிறது என்பதை அவர் படிப்படியாக எடுத்துக்காட்டினார். 'வெறும் மணல்' என்ற சொல் அன்றே பொய்யாயிற்று. 1916இல் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் முதற் தலைவர் ஸ்ரீபன் மாதர் சிக்காகோவில் மக்களின் கருத்தைக் கேட்டபோது, இக்கரையைத் தேசியப் பூங்காவாக்குக என்றே குரல் எழுந்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்கா முதலாம் உலகப் போரிற் குதித்தது. கோரிக்கை கிடப்பிற் போடப்பட்டது. 1925இல் 3 மைல் நீளக் கரை மாத்திரம் மாநிலப் பூங்காவாகக் காப்பாற்றப்பட்டது.

எஞ்சிய கரையை உருக்குக் கம்பனிகளும் துறைமுகத் திட்டமும் குறிவைத்தன. 1952இல் டொரதி புவெல் அம்மையாரின் தலைமையில் பெண்கள் சிலர் கூடி மணல் மேட்டுப் பாதுகாப்புச் சங்கமொன்றை அமைத்தனர். பணந் திரட்டிக் கௌல்ஸ் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியை வாங்கினர். அரசியல்வாதிகளின் வாயிற்படிகளில் ஏறி இறங்கினர். இந்தியானாவின் தலைவர்கள் பலர் துறைமுகத்தையே வேண்டி நின்றவேளை, அயல் மாநிலமாகிய இலினோயின் செனற்றர் போல் டக்ளஸ் 1958இல் இக்கரையைக் காக்க மசோதாக் கொண்டுவந்தார். தம் தொகுதியில் ஒரு வாக்கேனும் தராத மண்ணுக்காக வாதாடிய மனிதர் அவர். எட்டாண்டுகள் கழிந்தபின், 1966 நவம்பர் 5ஆம் நாள், ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட, இந்தியானா மணல் மேடுகள் தேசிய ஏரிக்கரையாயின. மூன்றாம் நாள் நடந்த தேர்தலில் டக்ளஸ் தம் ஆசனத்தை இழந்தார். ஆசனம் போயிற்று, கரை நின்றது. ஆசனத்தைக் காக்கக் கரையை விற்கும் கூட்டத்தார் இவ்வொரு செய்தியைத் தம் மேசைமீது எழுதி வைப்பாராக!

ஆனால் வெற்றி முழுமையானதன்று. இணக்கத்தின் பெயரால் துறைமுகமும் அனுமதிக்கப்பட்டது. நடுக்கரையில் நின்ற சிறந்த மேடுகள் பெத்லகேம் உருக்குக் கம்பனியின் கையில் அழிந்தன. அம்மணலின் ஒரு பகுதியை வாங்கி, ஏரியைத் தூர்த்துத் தன் வளவைப் பெருப்பித்துக்கொண்டது ஒரு பல்கலைக்கழகம் என்றால், கல்வியும் அறிவும் எப்போதும் நீதியின் பக்கமே நிற்கும் என்று எவரும் இறுமாந்திருத்தல் ஆகாது.

'தொழிற்சாலை வேண்டாமா? தொழிலாளிக்குச் சோறு வேண்டாமா?' என்று கேட்பர். வேண்டும். தொழிலாளியின் சோற்றை நாம் பழிக்கவில்லை. ஆனால் உலைமுன் வெந்த அத்தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு சென்று மூச்சுவிட ஓரிடம் வேண்டாமா? ஆலையை வேறிடத்திற் கட்டலாம். ஆயிரமாயிரம் ஆண்டுகள் காற்று கூட்டிய மேட்டை எந்தக் கம்பனி கட்டித் தரும்?

இன்னுமொரு பாடம் உண்டு. உருக்காலை நகரமாகிய கேரியின் ஏரிக்கரையில் மார்க்கெற் பூங்கா உள்ளது. நகரத்தின் பொதுச் சொத்து அது. ஆயினும் அதே நகரிற் பாடுபட்ட கறுப்பினத்தவர் அக்கரையில் நெடுங்காலம் கால்வைக்க முடியாதிருந்தது. 1949இல் கறுப்பரும் வெள்ளையருமாக ஒரு கூட்டத்தார் அங்கே சென்று தம் உரிமையை நிலைநாட்ட முற்பட்டபோது கல்லெறிக்கு ஆளாயினர். 'பொது' என்று பலகையில் எழுதிவிட்டுப் பாதிப்பேரை வெளியே நிறுத்துவது பொதுமையாகுமா? ஒருவனுக்கு மறுக்கப்படுவது மற்றவனுக்கு உரிமையன்று, சலுகையே. சலுகை இன்று உண்டு, நாளை இல்லை.

சட்டம் என்ன சொல்லிற்று என்பதையும் நோக்குவோம். அதே கரையின் லோங் பீச் என்னும் ஊரில் வீடுடையார் சிலர், தம் உறுதியின்படி நீரின் விளிம்புவரை காணி தமதே என்று வழக்காடினர். இந்தியானாவின் அதியுயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது: 1816இல் மாநிலமான அன்றே, சாதாரண உயர்நீர்க் குறிவரையுள்ள கரை மக்களுக்கான நம்பிக்கைப் பொறுப்பாக மாநிலத்திடம் வந்தது, அதில் நடக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 2019இல் மேன்முறையீட்டைக் கேட்க மறுத்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் அக்கரை தேசியப் பூங்கா என்ற தகுதியையும் பெற்றது. இன்று சுமார் 15,000 ஏக்கர், 15 மைல் கரை.

நம்பிக்கைப் பொறுப்பு என்பது எம்மவருக்குப் புதிதன்று. கோயில் ஆதனத்தைத் தருமகர்த்தா பராமரிக்கலாம்; விற்றுண்ண முடியாது. அரசும் அத்தகைய தருமகர்த்தாவே. மக்களுக்கும் கடன் உண்டு. அக்கரையின் 'மவுண்ட் போல்டி' என்னும் மேடு இன்று உள்நாடு நோக்கி நகர்கின்றது. துறைமுகச் சுவர் புதுமணல் வந்து சேர்வதை மறித்ததும், வந்தோர் காலடிகள் மணலைப் பிடித்திருந்த புல்லை அழித்ததும் அதற்குக் காரணங்கள். கம்பனியின் இயந்திரம் மட்டுமா? கவனமற்ற காலும் மேட்டைக் கரைக்கும். உரிமை கேட்பவன் காவலுக்கும் நிற்கவேண்டும்.

இந்நீதி எமது நாட்டிலும் பேசப்பட்டுள்ளது. எப்பாவல பொஸ்பேற் வழக்கில், 2000ஆம் ஆண்டு, இலங்கை உயர் நீதிமன்றம், இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகக் காக்கும் பொறுப்புடையது என்று ஊரவரின் பக்கம் நின்று தீர்ப்புரைத்தது. அத்தீர்ப்பு ஏட்டில் உறங்குதற்கன்று. வடமராட்சி கிழக்கில் மணற்காடு உள்ளது. சவுக்கந் தோப்பும், மணலிற் புதையுண்ட பழைய தேவாலயமும், கடற்காற்றைத் தாங்கும் மேடுகளும் அங்கே உள்ளன. அங்கே ஏறும் ஒவ்வொரு மண்வெட்டி மணலையும் பார்த்து ஊரவர் கேட்கட்டும்: 'அனுமதி தந்தவர் யார்? எச்சட்டத்தின் கீழ்? எம்மைக் கேட்டாரா?'

டக்ளஸ் ஒருவரால் மட்டும் அக்கரை பிழைக்கவில்லை. கூட்டங் கூடிய பெண்களும், கல்லெறி பட்டோரும், வழக்காடியோரும் சேர்ந்து காத்தனர். எமது கரைகளுக்கும் அத்தகையோர் வேண்டும். ஊர்தோறும் சங்கம் அமைக. மேடுகளின் எல்லையை அளந்து பதிவு செய்க. மீறினால் மனுவோடு நீதிமன்றப் படியேறுக. அள்ளிச் சென்ற மணலை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. ஆகவே அள்ளுமுன் எழுக!