கோழிக்கு ஜாதி வகுத்தவர் யார்?

எம். புதுப்பட்டிப் பக்கத்துத் தோழர்கள் சிலர் கிளிமூக்குச் சேவல் வளர்ப்பில் இறங்கி இருப்பதாகவும், கண்காட்சிக்கு ஏற்ற நிறமும் அமைப்பும் உள்ள குஞ்சுகளை எடுப்பதைப் பற்றி அங்கு ஆளுக்கொரு சாஸ்திரம் பேசப்படுவதாகவும் எழுதி, நமது அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார்கள். “கோழியிலேயே ஜாதி இருக்கும்போது மனிதனில் இல்லாமற் போகுமா?” என்று ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றும் எழுதி இருக்கிறார்கள். கோழி விஷயத்தில் நமக்கு என்ன வேலை என்று சிலர் கருதலாம். ரத்தச் சுத்தம், பிறவி உயர்வு, நல்ல வேளை, கெட்ட வேளை என்கிற பேச்சு கோழிக்கூட்டுக்குள் புகுந்தாலும் அங்கேயும் நமக்கு வேலை இருக்கிறது.

கிளிமூக்கு விசிறிவால் என்பது சண்டைக் கோழியாகிய அசீல் இனத்திலிருந்து அழகுக்கென்றே பிரித்து வளர்க்கப்படுவதாகும். கிளியின் அலகு போல் குட்டையாய் வளைந்த மூக்கு, அமுங்கிய சிறு கொண்டை, வெள்ளை விழி, நீண்ட கழுத்து, விசிறி போல் விரிந்து தொங்கும் வால் ஆகிய இவைதான் லட்சணங்களாம். திண்டுக்கல் முதலிய ஊர்களில் இவைகளுக்குக் கண்காட்சி நடத்திப் பரிசும் கொடுத்திருக்கிறார்கள். முதல் தரமான சேவலுக்கு லட்சக்கணக்கில் விலை சொல்லப்படுகிறது.

இதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. காலில் கத்தியைக் கட்டி இரண்டு வாயில்லா ஜீவன்களை ஒன்றையொன்று கிழிக்கவிட்டுப் பந்தயம் கட்டுவதைவிட, குளிப்பாட்டித் துடைத்து மேஜைமேல் நிறுத்தி அழகு பார்ப்பது எவ்வளவோ மேல். இங்கிலாந்திலும் இப்படித்தான் நடந்தது. 1835ஆம் வருஷத்துச் சட்டத்தால் அங்கு சேவற்சண்டை தடுக்கப்பட்ட பிறகு, 1845இல் லண்டன் மிருகக் காட்சித் தோட்டத்தில் கோழிக் கண்காட்சி நடந்தது. 1865இல் எந்த இனத்துக்கு எந்த நிறம், எந்தக் கொண்டை, எந்தக் கால் என்பதாக ஒரு லட்சணப் புஸ்தகம் போட்டார்கள். அமெரிக்கர்கள் 1874இல் தங்களுக்கென்று ஒன்று போட்டுக் கொண்டார்கள்.

இந்தப் புஸ்தகங்களை எழுதியவர் யார்? ரிஷியா? முனிவரா? கோழி வளர்ப்பவர்கள் கூடிப் பேசி எழுதினார்கள். தேவைப்பட்டபோது திருத்தினார்கள், புது இனம் வந்தபோது சேர்த்தார்கள். திருத்தினால் உலகம் அழியும் என்று எவரும் கூச்சல் போடவில்லை. ஆகவே, லட்சணம் என்பது மனிதன் தன் கண்ணுக்கு வைத்துக் கொண்ட ஏற்பாடே அன்றி, கோழியின் யோக்கியதை அல்ல. மூக்கு வளைந்த கோழி கூடுதலாக ஒரு முட்டை இடுவதில்லை.

‘பிரம்மா’ என்றொரு கோழி இருக்கிறது. பேரைக் கேட்டதும் நமது ஆஸ்திகர்கள் கன்னத்தில் போட்டுக் கொள்ள வேண்டாம். ஷாங்காய் துறைமுகத்திலிருந்து வந்த கோழிகளை வைத்து அமெரிக்கர்கள் உண்டாக்கிய இனம் அது. ‘பிரம்மபுத்ரா’ என்று வைத்த பேர் சுருங்கிப் பிரம்மா ஆயிற்று. 1852இல் விக்டோரியா ராணிக்கு அதில் சில அனுப்பப்பட்டு, பிறகு அதன் விலை ஏறிற்று. பிரம்மா மனிதனைப் படைத்த கதை வாஸ்தவமோ பொய்யோ, மனிதன் பிரம்மாவைப் படைத்தது மாத்திரம் வாஸ்தவம். இந்தப் பிரம்மாவுக்குக் காலிலும் இறகு உண்டு. அந்தக் கால் இறகுதான் அதற்குப் பெருமை.

நிற்க, நிறத்தைப் பற்றிய சாஸ்திரத்தைப் பார்ப்போம். காகம், மயில், கீரி, கொக்குவெள்ளை, செவலை என்று சேவலுக்கு நிறப்பேர் சொல்லுகிறார்கள். இது அடையாளத்துக்கு வேண்டியதுதான். ஆனால், இன்ன கிழமையில் இன்ன நிறம் வெல்லும் என்றும், பஞ்சபட்சியில் ‘அரசு’ நடக்கும் நாழிகையில் சேவலை எடுக்க வேண்டும், ‘துயில்’, ‘சாவு’ நாழிகையில் எடுக்கக்கூடாது என்றும் சொல்லுவதற்கு என்ன ஆதாரம்? இரண்டு சேவற்காரர்களும் ஒரே புஸ்தகத்தைப் பார்த்து ஒரே நாழிகையில் வருகிறார்கள். ஒருவன்தானே ஜெயிக்கிறான்? தோற்றவன் வீட்டில் புஸ்தகம் என்ன செய்து கொண்டிருந்தது?

நிறம் எப்படி வருகிறது என்பது இன்று யூகத்துக்குரிய விஷயமல்ல. மெண்டல் என்பவர் பட்டாணிச் செடியில் கண்டு 1866இல் வெளியிட்ட விதி கோழிக்கும் பொருந்தும் என்று, 1902 முதல் பேட்ஸனும் அவருக்குப் பின் புன்னெட்டும் காட்டினார்கள். ‘அண்டலூசியன்’ என்ற இனத்துக்கு லட்சணம் நீலச் சாம்பல் நிறம். நீலத்தையும் நீலத்தையும் சேர்த்தால் குஞ்சுகளில் சராசரி பாதிதான் நீலம், கால்பங்கு கறுப்பு, கால்பங்கு அழுக்கு வெள்ளை. கறுப்பையும் வெள்ளையையும் கழிசடை என்று தள்ளினார்கள். எவ்வளவு காலம் பொறுக்கி எடுத்தும் ‘சுத்த’ நீலம் நிலைக்கவில்லை. ஆனால், தள்ளிய கறுப்பையும் தள்ளிய வெள்ளையையும் சேர்த்தபோது அத்தனை குஞ்சும் நீலமாக வந்தது! மேலென்று கொண்டாடியது எது, கீழென்று தள்ளியது எது என்று தோழர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

மற்றொரு சங்கதி. அமுங்கிய கொண்டையுள்ள சேவலையும் பெட்டையையும் சேர்த்தும் சில குஞ்சு கத்திப்பூவோடு வந்து விடுகிறது. உடனே வளர்ப்பவர், “பெட்டை ஊர்ச் சேவலிடம் போய்விட்டது” என்று சொல்லிப் பெட்டையைக் குழம்புக்கு அனுப்பி விடுகிறார். வாஸ்தவம் என்னவென்றால், அமுங்கிய கொண்டையின் கூறு மேலே தெரியும், கத்திப்பூவின் கூறு உள்ளே மறைந்திருக்கும். சேவல், பெட்டை இரண்டும் மறைத்து வைத்திருந்தால்தான் அந்தக் குஞ்சு வரும். சேவலுக்குச் சரிபாதிப் பங்கு இருக்க, பழி மாத்திரம் பெட்டைக்கு! கற்பு விசாரணை கோழிக்கூட்டிலும் பெண்ணுக்குத்தான் போலும். இன்னும், கோழியில் குஞ்சு சேவலா பெட்டையா என்பதைத் தீர்மானிப்பது தாயின் கூறு. மனிதரில் தீர்மானிப்பது தகப்பனின் கூறு. அப்படியிருந்தும் பெண்ணாகப் பெற்றவள் என்று மருமகளைத் தூற்றாத தெரு நம் நாட்டில் எத்தனை?

இனி, ஜாதிக் கேள்விக்கு வருவோம். அசீல் என்பது நல்ல மூலமுள்ளது என்று அர்த்தப்படும் அரபுச் சொல். அந்த மூலம்தான் என்ன? நாட்டுக்கோழிக்கெல்லாம் மூதாதை செங்காட்டுக் கோழி என்று டார்வின் சொன்னார். அது சரியே. ஆனால், கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான கூறு நமது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்கிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அதாவது கோழிக்குலமே கலப்புக் குலம். வேறு ரத்தம் விடாமல் தகப்பனோடு மகளையும் அண்ணனோடு தங்கையையும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் கூமுட்டை பெருகும், குஞ்சு நோஞ்சானாகும் என்பது வளர்ப்பவர்க்கெல்லாம் தெரியும். அதனால்தான் வெளிச்சேவல் தேடிப் போகிறார்கள். இன்று நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாகப் போகிற முட்டை, பல வழிகளைக் கலந்து உண்டாக்கிய கலப்பினக் கோழி இட்டதாகும். கலப்பினத்தின் முட்டை என்று எந்த ஜாதிமானும் வேண்டாம் என்பதாகத் தெரியவில்லை.

கோழியின் இனத்தைப் பார்த்தவுடன் சொல்லலாம். அதற்குத்தான் மேஜைமேல் நிறுத்துகிறார்கள். மனிதனை மேஜைமேல் நிறுத்தி எந்த நடுவராவது ஜாதி சொல்லட்டும் பார்ப்போம்! முடியாததால்தானே, “நீங்கள் எந்த ஆட்கள்?” என்று வாய்விட்டுக் கேட்கிறார்கள்? கேட்டாலன்றித் தெரியாத ஒன்று உடம்பில் எப்படி இருக்கும்? தவிரவும், கோழிக்கு இனம் நிலைப்பது கூண்டில் அடைத்து, சோடியை மனிதன் தேர்ந்து, சேராததைச் சட்டிக்கு அனுப்புவதால். மனிதனுக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்பவர்கள், தாங்கள் கூண்டுக்குள் போகத் தயாரா என்று சொல்லட்டும். காதலித்து மணந்த பிள்ளைகளை வெட்டிப் போடுகிற பாவிகள் செய்வதும் இதே கோழிக்கூட்டு நியாயந்தான். கோழிக்காவது குழம்பு என்று ஒரு பிரயோஜனம் சொல்லலாம். இந்தக் கொலைக்கு என்ன பிரயோஜனம்?

கடைசியாக, வளர்க்கும் தோழர்களுக்கு இரண்டொரு வார்த்தை. பட்டாசுக் கூலியை நம்பி இருக்கிற வீட்டில் நாலு கோழி என்பது வேலையில்லாத நாளுக்குப் பாங்கிப் பணம் போல. அதை ஒரே ‘லட்சணச் சேவல்’ பேரில் தரகனிடம் தொலைக்க வேண்டாம். காலில் வளையம் போட்டு, எந்தச் சேவலுக்கும் பெட்டைக்கும் எந்தக் குஞ்சு என்று நோட்டில் எழுதுங்கள். பெட்டை பழைய சேவலின் விந்தை இரண்டு மூன்று வாரம் உடம்பில் வைத்திருக்கும். அது கழியும்வரை அடைகாக்க முட்டை எடுக்காதீர்கள். குஞ்சின் தகப்பனைப் பற்றிய வம்பு பாதி இதிலேயே தீரும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் கிளிமூக்கும் சாகும், மொட்டை மூக்கும் சாகும். அதற்குச் சாமிக்கு நேர்ந்துவிட்ட கோழி சாமிக்குப் போய்ச் சேருவதற்கு முன்னமே சாகும். வருவதற்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பு மருந்து போடுவதுதான் காப்பு.

அழகை வளருங்கள், பரிசும் வாங்குங்கள். லட்சணப் புஸ்தகம் மனிதன் எழுதியது, மனிதன் திருத்தக்கூடியது என்பதை மாத்திரம் மறவாதீர்கள். கோழியின் புஸ்தகத்தைத் திருத்தத் துணிந்த மனிதன், தன்னைப் பற்றி எழுதி வைத்த புஸ்தகத்தைத் தொடப் பயந்தால் அவனைவிடக் கோழியே மேல் என்போம்.