கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்

'சுத்தம் சோறு போடும்' என்பார்கள். சோறு போடுகிற சுத்தம் சில சமயம் உயிரையும் வாங்கிவிடும் என்பதை நான் ஒரு பொங்கலின்போது கற்றுக்கொண்டேன். நீங்களும் அப்படிக் கற்றுக்கொள்ள வேண்டாமே என்றுதான் இந்த வாரம் மீன் தொட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் கூடத்தில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அதன் அடியில் கிடந்த நீலச் சாயக் கற்கள் வெளுத்து, பாசி பிடித்து, பார்க்கவே சகிக்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்த கையோடு தொட்டிக்கும் புதுக்கோலம் பூட்டிவிடலாம் என்று கிளம்பினேன். பழைய கற்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின. வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசினேன். கண்ணாடியைத் தேய்த்தேன். ஆற்றுக் கூழாங்கல்லைப் பரப்பிப் புதுத் தண்ணீர் நிரப்பியதும், அடாடா, தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது!

மூன்றாம் நாள் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. ஐந்தாம் நாள் காலை இரண்டு தங்கமீன்கள் மிதந்தன. "நல்லாச் சுத்தம் பண்ணினாயே, அப்புறம் ஏன் அம்மா செத்துப்போச்சு?" என்று என் ஏழு வயதுப் பெண் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பதிலைத் தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மீனின் செவுள் வழியாகவும், அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இது சாது, வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்துக் காட்டினார். இரண்டு வேலையையும் ஒருத்தியே செய்யும் ரகமும் உண்டென்று 2015-ல் தெரியவந்தது.

இவை தண்ணீரில் அதிகம் இருப்பதில்லை. கல்லிலும் ஸ்பாஞ்சிலும் கண்ணாடியிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகின்றன. ஆகையால் பழைய தண்ணீரை மட்டும் பத்திரப்படுத்திப் பிரயோஜனமில்லை. நானோ ஒரே நாளில் கல்லைக் கொட்டி, குழாய்த் தண்ணீரின் குளோரினில் ஸ்பாஞ்சையும் அலசி, எல்லாக் குடித்தனக்காரர்களையும் காலி செய்துவிட்டேன்! அவை மறுபடி பெருகி நிறைய நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மாமியார் சொன்னார்: "உறைமோரையும் சேர்த்துக் கழுவிக் கொட்டிவிட்டுப் பால் உறையவில்லை என்றால் எப்படியம்மா?"

அந்த ஒரு வாக்கியத்தில் செய்முறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில், புதுக் கல்லைக் கலங்கல் போகும்வரை அலசுங்கள். அதன்மேல் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். சாதாரண நன்னீர்த் தொட்டிக்கு வேண்டாம். உப்பும் கிளிஞ்சலும் கலந்த கடற்கரை மணலும் வேண்டாம்.

கல் மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்னும், இரண்டு வாரம் பின்னும் ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டுமானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

கற்களை ஒரேயடியாக எடுக்காமல் வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்காக மாற்றுங்கள். அடியில் நாள்பட்ட அழுக்கு கிளம்பி, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்த வாயு மீனுக்கு ஆகாது. அதனால் அந்த நேரத்துக்கு மீன்களைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில், காற்றுக் குழாயோடு விட்டுவைப்பது நல்லது.

எடுத்த பழைய கல்லில் இரண்டு கைப்பிடியைப் பழைய நைலான் காலுறையில் கட்டி, வடிகட்டித் தண்ணீர் வந்து விழும் இடத்தில் ஒரு மாதம் தொங்கவிடுங்கள். அதுதான் உறைமோர்!

புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தை அளவாகச் சேருங்கள். ஒரு வாரம் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் சோதனைச் சொட்டு மருந்து வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். தலைகாட்டினால் உடனே கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை: கல்லுக்கு அடியில் தட்டு வைத்த வடிகட்டி உள்ளவர்களுக்குக் கல்தான் வடிகட்டி. அவர்கள் ஒரு மாதம் முன்பே ஸ்பாஞ்ச் வடிகட்டி ஒன்றையும் சேர்த்து ஓடவிட்டு, பிறகு கல்லில் கை வைக்கட்டும்.

அடுத்த முறை நான் இப்படித்தான் மணல் மாற்றினேன். மூன்று வாரம் தொட்டி பாதி வெள்ளை, பாதி நீலமாக அலங்கோலமாய் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அந்தக் காலுறையைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! மீன் ஒன்றுகூடக் குறையவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எண்ணிப் பார்த்தது என் பெண்தான்.