எட்டாவது சுரம்

நம் பெங்களூர் இல்லங்கள் சிலவற்றில் பிள்ளைகள் சாக்ஸபோன் பயில்கின்றனர். ஒரே வரிசையை ஓயாமல் ஊதுவதாகச் சலித்த பெரியோரால் கருவி பெட்டிக்குள் போன வீடுகளும் உண்டெனக் கேள்விப்படுகிறோம்.

அவ்வரிசை வீணன்று. 1940களில் அமெரிக்காவில் எழுந்த பீபாப் என்னும் ஜாஸ் முறைக்குரியது. நம் அரிகாம்போதியையே எடுத்துக்கொள்வோம். மேல் ஷட்ஜத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவே காகலி நிஷாதத்தைச் சேர்த்து, தட்டுக்கு இரண்டு சுரமாக இறங்கினால் ச, கைசிகி நி, ப, க நான்கும் தட்டின்மேல் விழும். உடன் வாசிக்கும் பியானோ ஒலிப்பதும் அந்நான்கையே. ஏழே சுரமாயின் நி, ப, க மூன்றும் தட்டுகளுக்கிடையே நழுவிவிடும். இரு நிஷாதங்கள் அடுத்தடுத்து வருவது நம் செவியை உறுத்தலாம். காம்போதியில் காகலி நிஷாதம் விருந்தாய் வந்துபோவதை அறிந்தோர் பொறுத்தருள்வர்.

பீபாப்பில் வளர்ந்த சார்லி மரியானோ, 1960களில் மலேசியா சென்றவிடத்து நாகசுரத்தில் உள்ளம் பறிகொடுத்து அதனையும் பயின்றார். 1983இல் பதிவான ‘ஜோதி’ இசைத்தட்டில், ஆர். ஏ. ரமாமணியின் குரலோடும் இந்நகரத்துக் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் கலைஞரோடும் இணைந்து வாசித்தார்.

ஆகவே பெட்டியைத் திறந்து கொடுங்கள். தாயோ தந்தையோ அருகமர்ந்து ஆதிதாளம் போடலாம்; முதலில் விளம்பகாலமே போதும். இரவு எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டால் அண்டை வீட்டாரும் மகிழ்வர்.