சர்க்கரையும் சால்ஜாப்பும்

மதியம் மூணு மணி ஆனால் ஐடி ஆபீஸில் எல்லாருமே மூளை நிபுணர்கள்தான். “சுகர் லோ ஆயிடுச்சு மச்சி, மண்டை ஓடல” என்று டீக்கும் பிஸ்கட்டுக்கும் கிளம்பிவிடுவார்கள். எனக்கு டீ மேல் விரோதமில்லை. அந்த விளக்கத்தின் மேல்தான்.

இந்தப் பேச்சுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. மனவுறுதி குளுக்கோஸில்தான் ஓடுகிறது என்று மேத்யூ கெய்லியட், ராய் பௌமைஸ்டர் குழு 2007இல் எழுதியது. சர்க்கரை போட்ட லெமனேட் குடித்தவர்கள் அடுத்த சோதனையில் தாக்குப்பிடித்தார்களாம். சுயமுன்னேற்றப் புத்தகங்கள் இதை அள்ளிக்கொண்டன. பிறகு நடந்ததை அவை சொல்வதில்லை. இனிப்பு நீரை விழுங்காமல் கொப்பளித்துத் துப்பினாலே அதே பலன் கிடைத்ததாக 2012இல் வேறொரு குழு காட்டியது. துப்பிய சர்க்கரை எப்படிங்க மூளைக்குப் போகும்? 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, மனவுறுதி செலவாகித் தீரும் என்ற அடிப்படையையே சோதித்தன. கிடைத்த விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நேர ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்கிறது. உண்மைதான். ஆனால் தலையைப் பிய்த்துக்கொண்டு கோடிங் செய்தாலும் அந்தச் செலவு சொற்பமாகவே ஏறும். கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கும். நாள்கணக்கில் பட்டினி கிடந்தால்கூட மூளை கீட்டோன்களை எரித்துச் சமாளிக்கும். ஆரோக்கியமான உடம்பில் ஒரு மீட்டிங்கால் சுகர் தீர்ந்துவிடாது.

என் கோபம் டீ பிரேக்கோடு முடிவதில்லை. நிஜமாகவே சர்க்கரை இறங்கி மூளை தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்சுலினோ சிலவகை சுகர் மாத்திரைகளோ எடுப்பவர்கள். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. 54க்கும் கீழே போனால் பேச்சு குழறலாம், காரணமில்லாமல் எரிந்து விழலாம், நடை தள்ளாடலாம். அவரை பஸ்ஸில் பார்க்கும் நாம் என்ன சொல்கிறோம்? “காலையிலேயே ஊத்திட்டான் பாரு.” 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர். அந்த நாட்டில்தான் நம் சோம்பலுக்கு நோயின் பெயரையும், அவர் நோய்க்குக் குடியின் பெயரையும் வைத்திருக்கிறோம்.

தள்ளாடுகிறவரைப் பார்த்தால் மூக்கைச் சுளிக்கும் முன் “சுகர் இருக்கா?” என்று கேளுங்கள். நினைவிருந்து, விழுங்கவும் முடிந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கூடவே இருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மூணு மணிக்கு நமக்கு வருவது தூக்கம். தூக்கம் என்றே சொல்லிவிட்டு டீ குடிக்கலாம்.