67 மார்க் வாங்கிய வங்கிகள்

குடியிருக்கும் வீட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் ஸ்ரீவராகம் கோயில் குளம். காரைக்குடிக்காரனுக்கு இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்ப்பதே திருவிழாதான் :-) ஆறு வருஷம் முன்பு மாற்றலாகி வந்தபோது, ஊர் பெயரைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது சாமி இல்லை, வராகன். பன்றி முத்திரை போட்ட அந்தக் காலத்துப் பொற்காசு. பி.காம். படித்து பாங்கில் குப்பை கொட்டுகிறவன் புத்தி அப்படித்தானே போகும்!

விஷயத்துக்கு வருகிறேன். ரிசர்வ் வங்கி 2021-லிருந்து ஒரு குறியீட்டெண் வெளியிடுகிறது. எல்லோரையும் வங்கிக்குள் கொண்டுவந்துவிட்டோமா என்று நூற்றுக்கு மார்க் போடும் வேலை. 2021 மார்ச்சில் 53.9. 2025 மார்ச்சில் 67. எங்கள் ஆபீஸ் கூட்டங்களில் இதைத் திரையில் போட்டுக் கை தட்டுகிறார்கள். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் இந்த மார்க் எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். வங்கி எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதற்கு 35 சதவீதம், உபயோகிக்கிறார்களா என்பதற்கு 45, தரத்துக்கு வெறும் 20. வாடிக்கையாளர் பாதுகாப்பு என்பது அந்த இருபதுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

எண்ணிக்கையே கூடாது என்று சொல்லவில்லை. 1969-ல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது சுமார் 65 ஆயிரம் பேருக்கு ஒரு கிளைதான் இருந்தது. அதை எண்ணியதால்தான் கிராமத்துக்குக் கிளை போனது. ஆனால் எண்ணுவது எளிது என்பதற்காக எதை எண்ணுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. உலக வங்கியின் கணக்குப்படி 2017-ல் இந்தியாவில் பெரியவர்களில் 80 சதவீதம் பேருக்குக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்குகளில் ஏறக்குறைய பாதி ஒரு வருஷமாக அசையவே இல்லை. எப்படி அசையும்? டார்கெட் முடிக்க நாங்கள் திறந்தவைதானே பல!

பொருளாதார மேதைகளுக்கு இன்னொரு அளவுகோல் உண்டு. கோல்ட்ஸ்மித் 1969-ல் ஆரம்பித்து வைத்தது. நாட்டின் மொத்த நிதிச் சொத்து, நிலம், கட்டடம் போன்ற பௌதிகச் சொத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று பார்ப்பது. இந்தியாவைப் பற்றியே 1860 முதல் 1977 வரை தனிப் புத்தகம் போட்டவர் அவர். இன்று அது கடனுக்கும் ஜிடிபிக்கும் உள்ள விகிதமாகி, 'ஆழம்' என்று பெயர் பெற்றிருக்கிறது. குளத்தின் ஆழம் தெரிந்தால் போதுமா? வழுக்கி விழுந்தால் பிடித்துக்கொள்ளச் சங்கிலி இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களில் திருவிதாங்கூரில் நூற்றுக்கும் மேற்பட்ட வங்கிகள். அன்று யாராவது இந்த மாதிரிக் குறியீட்டெண் போட்டிருந்தால் சமஸ்தானம் முதல் ரேங்க் வாங்கியிருக்கும். 1937-ல் இரண்டு வங்கிகள் இணைந்து டிராவன்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் பாங்க் ஆனது. 1938-ல் இழுத்து மூடினார்கள். திவான் சர் சி.பி.யின் பழிவாங்கலா, வங்கியின் சொந்த பலவீனமா என்று இன்றுவரை சண்டை. போட்டவன் பணத்துக்கு இன்ஷூரன்ஸ் என்ற பேச்சே அப்போது கிடையாது. 1960 ஆகஸ்டில் பாலை சென்ட்ரல் பாங்க் போனது. அதன் பிறகுதான் சட்டம் வந்து, 1962 ஜனவரியில் டெபாசிட் இன்ஷூரன்ஸ் பிறந்தது. ஆளுக்கு 1,500 ரூபாய் வரை.

என்னைக் கேட்டால் ஒரு நாட்டு வங்கிகளின் வளர்ச்சியை அளக்க இதுதான் அளவுகோல். வங்கி விழுந்தால் சின்ன டெபாசிட்காரருக்கு எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்? யார் யார் இதில் விட்டுப்போகிறார்கள்?

இப்படி அளந்தால் படம் வேறு மாதிரி தெரியும். 1993-ல் உச்சவரம்பு ஒரு லட்சம். 2020 பிப்ரவரி வரை அதே ஒரு லட்சம்! 27 வருஷத்தில் விலைவாசி எங்கே போனது, அந்த லட்சம் எங்கே நின்றது? அந்தக் காலத்தில் கிளைகள் பெருகின, ஏடிஎம் வந்தது, 'ஆழம்' கூடியது. பாதுகாப்பு மட்டும் வருஷா வருஷம் தேய்ந்தது. எந்தக் குறியீட்டெண்ணும் அதைச் சொல்லவில்லை. 2019-ல் மும்பையில் பிஎம்சி பாங்க் கவிழ்ந்து, முதலில் ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்று ஜனங்கள் வாசலில் அழுத பிறகுதான் வரம்பு ஐந்து லட்சம் ஆனது. 90 நாளில் கொடுக்க வேண்டும் என்ற திருத்தம் 2021-ல் வந்தது.

இதிலும் ஓட்டை இருக்கிறது. கேரளத்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. மாநில அரசின் தனி உத்தரவாத நிதிதான். 2021-ல் கருவன்னூர் விவகாரம் வெடித்தபோது எத்தனை பேருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது?

எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி, வீட்டுக்காரர் ரிட்டயர்மென்ட் பணத்தை ஒரு சங்கத்தில் போடலாமா என்று கேட்டார். எங்கள் பாங்கைவிட வட்டி ஒரு சதவீதம் கூட. "போடுங்க மாமி" என்றேன். இப்போது மாசா மாசம் போய், அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருகிறார்.

"பாங்க்குன்னுதானே சார் போர்டு எழுதியிருந்தது?" என்று ஒருநாள் கேட்டார். கோபமில்லை, சந்தேகம்தான்.

குறியீட்டெண்ணில் மாமி ஏற்கெனவே உள்ளே வந்தாச்சு. கணக்கு இருக்கிறது, மாசம் ஒரு தடவை உபயோகமும் ஆகிறது. 35-ம் 45-ம் வாங்கிக் கொடுத்துவிட்டார். மீதி 20-ஐ மாமியிடம் கேட்டுப் போடச் சொல்லுங்கள். அதற்கப்புறம் கை தட்டுகிறேன்.